வாடை போனால் விஷமும் போய்விடுமா?

கேள்வி: குளியலறைக் கதவில் இருந்த பழைய பெயின்ட்டை உரிக்க ரிமூவர் பூசி, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் சுரண்டினேன். முதலில் நெடி மூக்கைத் துளைத்தது, பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தலைவலியும் கிறுகிறுப்பும் வந்தன. துணி முகக்கவசம் போட்டிருந்தேன். வாடை போய்விட்டதால் இனி பயமில்லைதானே? ரத்தப் பரிசோதனை தேவையா?

பதில்: தலைவலியோ கிறுகிறுப்போ இன்னும் இருந்தால் மீதியை அப்புறம் படியுங்கள். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். போகும்போது டப்பாவின் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் பெயர்களைப் பார்த்துத்தான் மருத்துவர் சிகிச்சையை முடிவு செய்ய முடியும்.

சரி, வாடைக்கு வருவோம். அது அறையை விட்டுப் போகவில்லை, உங்கள் மூக்குதான் பழகிப்போய்ச் சொல்வதை நிறுத்திவிட்டது. ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் மோசம். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு, காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கோ வாடையே கிடையாது. அதனால்தான் மூக்கை நம்ப வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பெயின்ட் ரிமூவர் பலவற்றில் டைகுளோரோமீத்தேன் இருக்கும், மெத்திலீன் குளோரைடு என்றும் எழுதியிருப்பார்கள். அது 40 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஒரு சொட்டு கையில் பட்டால் சில்லென்று குளிர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகும். அப்படிப் போனது அத்தனையும் அறைக் காற்றில்தான் இருக்கிறது. அந்த ஆவி காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம், தரையோடு தேங்கும். குனிந்து சுரண்டும்போது நம் மூக்கும் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் 2000க்கும் 2011க்கும் இடையில், குளியல் தொட்டியின் மேல்பூச்சை இப்படி உரித்த தொழிலாளர்கள் குறைந்தது 13 பேர் இறந்துபோனார்கள். சின்ன அறை, மூடிய கதவு, குனிந்த தலை. உங்கள் கடிதத்தில் இந்த மூன்றையும் பார்த்தபோது எனக்குப் பதற்றமாகவே இருந்தது.

அதோடு முடியவில்லை. உடம்புக்குள் போன டைகுளோரோமீத்தேனில் ஒரு பகுதியைக் கல்லீரல் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. அது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கொழுப்பில் தங்கிய மிச்சம் மெல்ல மெல்ல வெளியே வருவதால், நல்ல காற்றுக்கு வந்த பிறகும் சில மணி நேரம் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு கூடிக்கொண்டே போகலாம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98 காட்டுகிறதே என்று ஆறுதல் அடையாதீர்கள். ஹீமோகுளோபினில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று சாதாரணக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

ரத்தப் பரிசோதனை? அன்றைக்கே என்றால் கார்பாக்ஸிஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்ட ஹீமோகுளோபின், எவ்வளவு என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பல நாள் கழித்துக் கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது, ஆவியாகும் நஞ்சு மூச்சு வழியாகவே போய்விடும். எங்கள் ஆய்வகத்திலும் இதே தொல்லைதான். பாதி நிரம்பிய குழாயில் ரத்தம் வந்தால், நாங்கள் தேடும் பொருள் மேலே உள்ள காலி இடத்துக்கு ஏறியிருக்கும், மூடியைத் திறந்ததும் பறந்துவிடும். அதனால் குழாயை விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, குளிரில் வைத்து அனுப்பச் சொல்கிறோம்.

முகக்கவசம் தூசிக்குத்தான், ஆவி அதில் தாராளமாக நுழையும். கரி வடிகட்டி வைத்த கவசம் தின்னருக்கு ஓரளவு உதவும், டைகுளோரோமீத்தேன் அதையும் சீக்கிரமே தாண்டிவிடும். பால் குடித்தால் முறியும் என்பார்கள், மூச்சில் போனதற்கு அது எதுவும் செய்யாது. யாராவது ரிமூவரை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

மீதி வேலைக்குக் கதவைக் கழற்றித் திறந்தவெளிக்குக் கொண்டுபோங்கள். டைகுளோரோமீத்தேன் இல்லாத ரிமூவர் கிடைத்தால் அதையே வாங்குங்கள், மெதுவாகத்தான் உரியும், பரவாயில்லை. துடைத்த துணியைக் குளியலறைக் கூடையில் போட்டிருந்தால் இப்போதே எடுத்து, தீப்பொறி படாத இடமாகப் பார்த்து வெளியே விரித்துப் போடுங்கள். அதிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டுதான் இருக்கும்.