ஏஆர்-15 வாங்கியவர்கள் ஏன் ஒன்றோடு நிறுத்துவதில்லை?

அமெரிக்காவில் பலர் ஏஆர்-15 என்ற இந்தத் துப்பாக்கியை அடுத்தடுத்து வாங்கிச் சேர்ப்பதும், பாகங்களை வாங்கித் தாங்களே பொருத்திக்கொள்வதும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில் அதன் அமைப்புதான் முதல் காரணம்.

1950களின் பிற்பகுதியில் ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்தது இது. ஏஆர் என்பது அந்த நிறுவனப் பெயரிலிருந்து வந்தது. கோல்ட் நிறுவனம் 1964 முதல் பொதுமக்களுக்கு விற்ற வகையில், விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டுதான்.

குழல் உள்ள மேல்பாதியையும் விசை உள்ள கீழ்பாதியையும் இரண்டே இரண்டு ஊசிகள்தான் பிடித்திருக்கின்றன. தள்ளினால் 'டக்'கென்று பிரிந்துவிடும். வேட்டைக்கு ஒரு மேல்பாதி, இலக்குப் போட்டிக்கு இன்னொன்று என்று ஆசை அங்கேதான் முளைக்கிறது. கூட்டாட்சிச் சட்டப்படி வரிசை எண் பொறித்த கீழ்பாதிதான் துப்பாக்கி. கடையில் வாங்குபவரின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்கும் சோதனையும் அதற்குத்தான். குழல், கைப்பிடி எல்லாம் வெறும் உதிரிபாகங்கள். காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டதால் பல நிறுவனங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படியே செய்கின்றன. அப்புறம், மிச்சமான குழலைப் பார்க்கும்போதெல்லாம் இன்னொரு கீழ்பாதி வாங்கத் தோன்றும்.

இதில் இறங்குபவர் பூட்டுள்ள பெட்டகத்தைத்தான் முதலில் வாங்க வேண்டும். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் விதிகள் இன்னும் கடுமை.