கண்ணில் மிதக்கும் நூல்கள்: எதைப் பொறுக்கலாம், எதற்கு அன்றே புறப்பட வேண்டும்?

சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் கண் சம்பந்தமாக வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: பார்வையில் மிதக்கும் நூலும் புள்ளியும். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: வயது 54. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். காலையில் வானம் வெளுத்ததும் இடது கண்ணில் ஒரு நூலும் இரண்டு புள்ளிகளும் தெரிகின்றன. கண்ணைத் திருப்பினால் அவையும் ஓடுகின்றன. கொசு என்று கையை வீசினால் ஒன்றும் இல்லை. மூன்று வருஷமாக இப்படித்தான். புரை விழுகிறதா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது புரை மாதிரி இல்லை, ஐயா. புரை கண்ணின் வில்லையில் விழுவது. அது பார்வையை மங்கவைக்கும், இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சிதறடித்துக் காட்டும், ஆனால் தனியாக ஓடி ஆடாது. கண்ணைத் திருப்பியதும் கூடவே ஓடி, கண் நின்ற பிறகும் கொஞ்சம் தள்ளிப் போய் மெல்ல இறங்குவது கண்ணுக்குள் மிதக்கும் பொருளின் குணம். அதையே உற்றுப் பார்க்கப் போனால் நழுவிவிடும்.

வில்லைக்குப் பின்னால், ஒளியை உணரும் பின்படலமான விழித்திரை வரைக்கும் உள்ள இடத்தை ஒரு தெளிவான கூழ் நிரப்பியிருக்கிறது. அளவு ஏறக்குறைய 4 மில்லிலிட்டர், அதாவது கண்ணின் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கு. அதில் 98 விழுக்காட்டுக்குக் குறையாமல் தண்ணீர்தான். மிச்சத்தில் முக்கியமானவை இரண்டு. ஒன்று கொலாஜன் என்ற மிக மெல்லிய புரத இழைகள். மற்றொன்று அந்த இழைகளை ஒட்டவிடாமல் விலக்கி, நீரையும் பிடித்து வைக்கும் ஹையலூரானிக் அமிலம். வயது ஏற ஏற இந்தக் கட்டு தளர்கிறது. அகர் அகரைச் சில நாள் தட்டிலேயே விட்டால் நீர் விட்டுக்கொள்ளும் அல்லவா? அதேபோல் கூழின் நடுவில் நீர் தேங்குகிறது, இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து திரியாகின்றன. அந்தத் திரியின் நிழல் விழித்திரையில் விழும்போதுதான் நூலாகவும் கொசுவாகவும் தெரிகிறது. விழித்திரைக்கு நெருக்கமான இழைக்கு நிழல் கூர்மை, தள்ளி இருப்பதற்கு மங்கல். வெளிச்சமான வானத்தைப் பார்க்கும்போது கண்மணி சுருங்குவதால் நிழல் இன்னும் தெளிவாகிறது. அதனால்தான் காலையில் லோரியில் ஏறியதும் உங்கள் கண்ணில் படுகிறது, வீட்டுக்குள் மறந்துபோகிறது.

எண்ணிக்கை கூடாமல் பழகிப்போன புள்ளிகளை அப்படியே விடலாம். ஆனால் கண்மணியை விரித்து விழித்திரையை இதுவரை ஒரு முறையும் பார்த்ததில்லை என்றால், அவசரமில்லாமல் ஒரு நாள் பார்த்துவிடுங்கள். நீங்கள் வண்டி ஓட்டுபவர். மாதம் ஒரு முறை ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, சுவரில் தொங்கும் காலண்டரின் நடுவை அசையாமல் பாருங்கள். நான்கு மூலைகளும் தெரிகின்றனவா? பிறகு மற்றக் கண். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். பலர் ஒரு கண்ணின் பார்வை குறைந்ததைத் தாமதமாக அறிவது இதனால்தான்.

கேள்வி: வயது 61. முந்தாநாள் திடீரென்று வலது கண்ணில் ஒரு வளையமும் மிளகு தூவினாற்போலப் புள்ளிகளும் வந்தன. இரவில் விளக்கை அணைத்தால் ஓரத்தில் மின்னல் போல் வெட்டுகிறது. வலி இல்லை, சிவப்பும் இல்லை. அடுத்த மாதம் கிளினிக்கில் தவணை இருக்கிறது. அதுவரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்கக் கூடாது, அம்மா. உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னதையே மற்ற வாசகர்களுக்காக விரித்து எழுதுகிறோம்.

ஐம்பதைத் தாண்டிய பலருக்கும் அந்தக் கூழ் ஒரு கட்டத்தில் சுருங்கி விழித்திரையின் பின்பகுதியிலிருந்து கழன்றுவிடுகிறது. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும் புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இது முன்னதாகவே வரலாம். பார்வை நரம்பைச் சுற்றி ஒட்டியிருந்த இடம் கழன்றால் அதுவே வளையமாகத் தெரியும். கழலும்போது கூழ் விழித்திரையை இழுக்கிறது. விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு கிடையாது. எப்படித் தொட்டாலும் இழுத்தாலும் அது வெளிச்சமாகத்தான் மூளைக்குச் சொல்லும். மின்னல் அதுதான். வலி இல்லையே என்று நிம்மதி அடைவதுதான் இந்த நோயில் மிக ஆபத்தான தவறு.

பெரும்பாலானவர்களுக்குக் கூழ் சேதம் செய்யாமல் கழன்றுவிடும். ஆனால் புதுப் புள்ளியும் மின்னலும் சேர்ந்து வருபவர்களில் 10 பேரில் ஒருவருக்கோ அதற்குச் சற்று மேலோ விழித்திரை கிழிந்திருக்கிறது. கிழிசல் வழியாக நீர் உள்ளே புகுந்தால் விழித்திரை சுவரிலிருந்து உரிந்து வரும். அப்போது பார்வையின் ஒரு ஓரத்திலிருந்து திரை இறங்கும், அல்லது கீழிருந்து நிழல் ஏறும். நடுப்பார்வைக்கான இடம் உரிவதற்கு முன் அறுவை செய்தால் பார்வை பெரும்பாலும் காப்பாற்றப்படும். உரிந்த பின் செய்தால் ஒட்டினாலும் பழைய கூர்மை திரும்பாமல் போகலாம். ஆகவே புதுப் புள்ளிகளும் மின்னலும் என்றால் அன்றே, திரை என்றால் அந்த மணிநேரமே. சுங்கை சிப்புட் வாசகர்களுக்குக் கண் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரி ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன். கிளினிக் திறந்திருந்தால் அங்கே கடிதம் வாங்கிக்கொள்ளலாம். திறந்திருக்கவில்லை என்றால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கவுண்டரில் “கண் மங்கலாக இருக்கிறது” என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்தக் கண், எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது, புள்ளி, மின்னல், திரை இவற்றில் எது என்று சொல்லுங்கள்.

அங்கே கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். விரிய 20 முதல் 30 நிமிடம் ஆகும். பிறகு நான்கைந்து மணிநேரம் கிட்டத்தில் எழுத்து தெரியாது, வெயில் கூசும். மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகாமல் மகனையோ மருமகளையோ கூட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியும் எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, இமையின் மேல் சிறு கருவியால் அழுத்தி விழித்திரையின் விளிம்பு வரை பார்ப்பார். அந்த அழுத்தம் அசௌகரியம்தான், ஆனால் கிழிசல்கள் பெரும்பாலும் விளிம்பில்தான் இருக்கும். தாங்கிக்கொள்ளுங்கள்.

கிழிசல் மட்டும் இருந்தால் அதைச் சுற்றி லேசரால் வடு உண்டாக்கி அடைப்பார்கள். அன்றே வீடு திரும்பலாம். வடு இறுக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும், அதுவரை கனம் தூக்காதீர்கள். உரிந்திருந்தால் அறுவை. அதன் முடிவில் கண்ணுக்குள் வாயு வைத்தால், அது கரையும் வரை விமானம் கூடாது, கேமரன் மலைப் பயணமும் கூடாது. உயரம் ஏற ஏற வாயு விரிந்து கண் அழுத்தம் எகிறும். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி காட்டுங்கள், கிழிசல் பிந்தியும் வரும்.

இங்கே ஒரு விளக்கம். இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் வளைந்து வளைந்து மின்னும் கோடு தோன்றி, விரிந்து, அரை மணி நேரத்துக்குள் மறைந்தால் அது பெரும்பாலும் ஒற்றைத் தலைவலியின் முன்னறிவிப்பு. அதுவும் டாக்டரிடம் சொல்ல வேண்டியதே, ஆனால் விழித்திரை சம்பந்தப்பட்டதல்ல.

கேள்வி: என் அம்மாவுக்குப் பதினைந்து வருஷமாக இனிப்பு நீர். இன்று காலை எழுந்ததும் ஒரு கண்ணில் புகைக்கரி விழுந்தாற்போல் இருக்கிறது, கொஞ்சம் சிவப்பாகவும் தெரிகிறது என்கிறார். வயதானவர்களுக்கு வரும் புள்ளிதானே?

பதில்: இல்லை, அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். நீண்ட நாள் சர்க்கரை உயர்ந்திருந்தால் விழித்திரையில் புது இரத்தக் குழாய்கள் முளைக்கலாம். அவை மிக நலிந்தவை, எளிதில் கசியும். கூழுக்குள் கசிந்த இரத்தம் கரித்தூளாகவும் சிவந்த மங்கலாகவும் தெரியும். இன்றே காட்டுங்கள். அதுவரை தலையணையை உயர்த்திப் படுக்கச் சொல்லுங்கள், இரத்தம் கீழே தங்கும். இரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாதீர்கள், பெயரை மட்டும் எடுத்துச் சென்று காட்டுங்கள். உள்ளே பார்க்க முடியாத அளவு இரத்தம் இருந்தால் ஸ்கேன் செய்து விழித்திரை உரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். லேசர், ஊசி, தேவைப்பட்டால் அறுவை என்று சிகிச்சை உண்டு.

இரண்டாம் வகை இனிப்பு நீர் இருப்பது தெரிந்த அன்றிலிருந்தே விழித்திரைப் பரிசோதனை வேண்டும், பொதுவாக வருஷத்துக்கு ஒரு தடவை. “பார்வை நல்லாத்தானே இருக்கு” என்பது காரணமாகாது. குழாய் கசியும்வரை பார்வை பெரும்பாலும் நன்றாகவே இருக்கலாம்.

கேள்வி: கண்ணில் தேன் விடுவது, மூலிகைச் சொட்டு, கண் பயிற்சி இவற்றால் நூல் கரையுமா?

பதில்: கரையாது. சொட்டு மருந்து அந்தக் கூழுக்குள் போய் இழையைக் கரைக்க வழியில்லை. தேனும் வீட்டில் பிழிந்த சாறும் கிருமியைத்தான் கொண்டு வரும், கருவிழியில் புண் வந்தால் பார்வையே போகும். படிக்கும்போது நூல் நடுவில் நின்று தொல்லை செய்தால் கண்ணை மேலும் கீழும் சட்டென்று அசைத்துப் பாருங்கள், கூழ் சுழன்று அது ஒதுங்கும். கூழையே வெட்டி எடுக்கும் அறுவை உண்டு. ஆனால் புரை சீக்கிரம் முற்றும், தொற்றும் விழித்திரை உரிதலும் நேரலாம் என்பதால் சில புள்ளிகளுக்காக அதைச் செய்துகொள்ளச் சொல்ல மாட்டோம்.

கேள்வி: தம்பி தோட்டத்தில் புல் வெட்டும் மெஷின் ஓட்டுகிறான். கல் தெறித்துக் கண்ணில் பட்டது. மூன்று நாளாகக் கறுப்புப் புள்ளி ஆடுகிறதாம். வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறான்.

பதில்: வேலையை நிறுத்திவிட்டு இன்றே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். அடி பட்ட கண்ணில் புதுப் புள்ளி என்றால் உள்ளே இரத்தம், விழித்திரைக் கிழிசல், கண்ணுக்குள் துகள் என மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும். கண்ணைத் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது, அழுத்திக் கட்டுப் போடவும் கூடாது. காகிதக் கோப்பையின் அடிப்பகுதியை வெட்டி, எலும்பில் தங்கும்படி கண்ணை மூடி ஒட்டினால் போதும். தெறித்தது கல்லா, வெட்டுக் கம்பியின் துண்டா என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அரிவாளும் உளியும் தீட்டுபவர்களுக்கும் இது பொருந்தும். பொடி இரும்புத் துகள் வலியே இல்லாமல் உள்ளே புகும், இரும்பு இருக்கும் கண்ணுக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கக் கூடாது. வலைபோட்ட முகமூடி சிறு துகளைத் தடுக்காது. பக்கவாட்டும் மூடிய பாலிகார்பனேட் கண்ணாடியை அதற்குள் போட வேண்டும். வேலையில் நடந்த விபத்து என்பதால் மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) சொல்லி எழுத்தில் பதியச் செய்யுங்கள். தகவல் கிடைத்த 48 மணிநேரத்துக்குள் முதலாளி சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். அவர் சோம்பினால், ஆஸ்பத்திரிச் சீட்டையும் மருத்துவ விடுப்புச் சீட்டையும் எடுத்துக்கொண்டு நீங்களே சொக்சோ அலுவலகத்துக்குப் போகலாம்.