‘கெட்’ என்றால் ‘பெறு’ மட்டும்தானா?

தம்பி, நேர்காணல் முடிந்து “ஐ வில் கெட் பேக் டு யூ” என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வருவார் என நினைத்து, அந்த அறையிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அகராதியில் ‘கெட்’ என்றால் ‘பெறு’ என்றுதானே இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவர் சொன்னதன் பொருள், ‘பிறகு தகவல் சொல்கிறேன்’ என்பதுதான்.

அகராதி தவறவில்லை. ஆனால் இந்த வினைச்சொல்லைத் தனியாகப் பிடித்துப் பொருள் கேட்டால் அது பிடி கொடுக்காது. அடுத்து வருவதைக் கவனியுங்கள். கடிதமோ வேலையோ வந்தால் பெறுவது. நிலையைக் குறிக்கும் சொல் வந்தால் ஆவது: ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’ என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது. இடம் வந்தால் போய்ச் சேர்வது. ‘கெட் ஹிம் டு சைன்’ என்றால் அவரைக் கையெழுத்துப் போட வைப்பது. நம் ‘விடு’வும் இப்படித்தானே? ‘வந்துவிட்டான்’ என்கிறோம், அவன் எதையும் விடவில்லை.

‘கெட்’ என்ற இந்த ஆங்கிலச் சொல்லே கடல் கடந்து வந்ததுதான். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறியவர்களின் பழைய நோர்ஸ் மொழிச் சொல் அது.

தொடர்களாக வருபவற்றை அப்படியே மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். ‘கெட் அலாங்’ ஒத்துப்போவது. ‘கெட் பை’ இருப்பதை வைத்துக் காலம் தள்ளுவது. ‘கெட் அவே வித்’ தவறு செய்தும் தண்டனையில்லாமல் தப்புவது. ‘கெட் ஓவர்’ விஷயத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். காய்ச்சலிலிருந்து தேறியதைச் சொல்லத் தயங்காமல் பயன்படுத்தலாம். துயரத்தில் இருப்பவரிடம் “கெட் ஓவர் இட்” என்று சொல்லிவிடாதீர்கள். ‘போதும், விட்டுத் தள்ளு’ என்று முகத்தில் அடிப்பது போல அது விழும். ஆறுதல் என்று நினைத்து, தாயை இழந்த சக ஊழியரிடம் நான் அதைச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியதை இன்றும் மறக்க முடியவில்லை. மறுநாளே மன்னிப்புக் கேட்டேன்.

நான் வந்த புதிதில் வேலை பிடிபடாமல் திணறியபோது, மூத்த ஊழியர் ஒருவர் “யூ வில் கெட் தேர்” என்றார். எந்த இடத்துக்கு என்று அன்று விளங்கவில்லை. ‘போகப் போகக் கைவந்துவிடும்’ என்பதைத்தான் அவர் அவ்வளவு கனிவாகச் சொல்லியிருந்தார்.

ஒரு வாரத்தில் நேர்காணல் முடிவு வராவிட்டால் நீங்களே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். அதில் தவறே இல்லை.