குளிர் தேசத்துச் செம்பருத்தி: கேள்வியும் பதிலும்

கேள்விகளுக்குப் போகும் முன் ஒன்று. வடஅமெரிக்க நர்சரிகளில் ‘ஹைபிஸ்கஸ்’ என்ற ஒரே பெயரில் முக்கியமாக மூன்று வேறு செடிகள் விற்கிறார்கள். நம் ஊர்ச் செம்பருத்தி ரோசா சைனென்சிஸ். மெழுகு பூசியதுபோல் இலை பளபளக்கும், உறைபனி பட்டால் செத்துவிடும். ‘ரோஸ் ஆஃப் ஷாரன்’ எனப்படும் சிரியாக்கஸ் ஒரு புதர். குளிர்காலத்தில் இலை மட்டும்தான் உதிரும், கட்டை உயிரோடு நிற்கும். மூன்றாவது ‘ஹார்டி ஹைபிஸ்கஸ்’, அதாவது மோஸ்கியூடோஸும் அதிலிருந்து வந்த கலப்பினங்களும். இலை அகலமாக, பளபளப்பில்லாமல் இருக்கும். தாய் இனத்தில் இலையைத் திருப்பினால் வெண்மயிர் தெரியும். பூ சாப்பாட்டுத் தட்டு அகலம். குளிர்காலத்தில் தரைக்கு மேல் முழுவதும் காய்ந்து, வேரிலிருந்து மறுபடி வரும். உங்களிடம் இருப்பது எது என்று தெரியாமல் யார் யோசனையையும் கேட்காதீர்கள், என்னுடையதையும் சேர்த்து.

ஸ்கார்பரோவிலிருந்து: அக்கா, போன வருஷம் ‘ஹார்டி’ எண்டு எழுதியிருந்த செவ்வரத்தை ஒண்டு வாங்கி நட்டனாங்கள். இப்ப மே 25. பக்கத்துச் செடியெல்லாம் துளிர்த்திட்டுது, இது வெறும் காய்ஞ்ச தடி. கிண்டி எறியட்டோ?

எறியாதீர்கள். தோட்டத்திலேயே கடைசியாக எழும்புவது இதுதான். மண் நன்றாகச் சூடேறாமல் அசையாது; உங்கள் பக்கம் ஜூன் முதல் வாரம்கூட ஆகலாம். ஜூன் 15 வரை பொறுத்திருங்கள். பழைய தடியின் அடியில் மண்ணை விரலால் 3 செ.மீ. விலக்கிப் பாருங்கள். தடியைச் சுற்றி, தரைக்குச் சற்றுக் கீழே, சிவந்த கூரான முளைகள் நெருக்கமாக இருந்தால் மூடிவிட்டு வந்துவிடுங்கள். தடியைத் தொட்டதும் வேரோடு கழன்று, அடி கறுத்துக் கொழகொழவென்று நாறினால் மட்டும் செத்துவிட்டது என்று அர்த்தம். முளைத்த பிறகு வேகம் பயங்கரம், ஜூலை முடிவதற்குள் 4 அடி வந்துவிடும்.

முதல் குளிர்காலம்தான் ஆபத்தானது. மண் உறைந்து உருகி உறையும்போது புதுச் செடியை மேலே தள்ளிவிடும். நவம்பரில் தரை உறைந்த பிறகு 10 செ.மீ. கனத்துக்கு இலைச்சருகு மூடாக்கு போடுங்கள், ஏப்ரலில் விலக்கிவிடுங்கள்.

நியூ ஜெர்சி: எங்கள் கொல்லையில் களிமண், ஒரு மூலையில் மழைத் தண்ணீர் தேங்கும். அங்கே வைக்கலாமா? எவ்வளவு தண்ணீர், என்ன உரம்?

அந்த மூலைக்கு வெயில் வந்தால் அதுதான் சரியான இடம். செம்பருத்திக்கு நீர் தேங்கக் கூடாது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இந்தச் செடியில் அந்தப் பழக்கம்தான் கெடுக்கிறது. மோஸ்கியூடோஸ் சதுப்புநிலச் செடி. கிழக்கு அமெரிக்காவின் ஆற்றோரங்களிலும், கனடாவில் ஈரி, ஒன்டாரியோ ஏரிக்கரைச் சதுப்புகளிலும் தானாக வளர்வது. இலை ஓரம் கருகுகிறது, மொட்டு விரியாமலே உதிர்கிறது, கீழ் இலை மஞ்சளாகிறது என்று வரும் புகார்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீர்க் குறைவைத்தான்.

குறைந்தது 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். நிழலில் செடி உயரும், பூக்காது. ‘காப்பர் கிங்’ போன்ற செம்பு இலை ரகங்கள் நிழலில் பச்சையாகவே நின்றுவிடும். தொட்டியின் அகலத்தைப் போல் இருமடங்கு குழி எடுத்து, எடுத்த மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மட்கு உரம் கலந்து, தொட்டியில் இருந்த அதே ஆழத்தில் நடுங்கள். செடிக்குச் செடி 3 அடி. மழை இல்லாத வாரத்தில் ஒரு செடிக்கு 15 முதல் 20 லிட்டர், இரண்டு முறை. 32 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் தினமும் பாருங்கள்.

முளை 15 செ.மீ. வந்ததும் மெதுவாகக் கரையும் உரம் ஒரு கைப்பிடி. ஜூலைக்குப் பிறகு உரம் வேண்டாம். ‘பூ உரம்’ என்று மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமான பொடியை விற்பார்கள். ஹைபிஸ்கஸ் குடும்பத்துக்கு மணிச்சத்து மிகுந்தால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இலை வெளுக்கும். வாங்காதீர்கள்.

மேரிலாண்ட்: ஒரு வாரத்தில் இலையெல்லாம் வலை மாதிரி ஆகிவிட்டது. அடியில் சின்னப் பச்சைப் புழுக்கள். பி.டி. என்ற பாக்டீரியா மருந்துப் பொடி இரண்டு தடவை அடித்தும் போகவில்லை.

போகாது. அது பட்டாம்பூச்சி இனத்துப் புழு அல்ல, ரம்ப ஈயின் புழு. பார்க்கக் கம்பளிப்பூச்சிக் குஞ்சு மாதிரி இருந்தாலும் குளவி வம்சம். நீங்கள் அடித்த பி.டி. கம்பளிப்பூச்சி வகைகளின் குடலில் மட்டும்தான் வேலை செய்யும். கோடைக்குள் பல தலைமுறை வந்துவிடுவதால் ஒரு தடவையோடு முடியாது.

காலையில் கீழ் இலைகளைத் திருப்பிப் பாருங்கள், அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். கொஞ்சமாக இருந்தால் நசுக்குங்கள், அல்லது இலையடி நனையும்படி பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசல் அடியுங்கள். புழுவின் உடம்பில் பட்டால்தான் சாகும். இலையின் மேல்பக்கம் அடிப்பது வீண். நிறைய இருந்தால் ஸ்பைனோசாட் என்ற பூச்சிமருந்து, அட்டையில் சொன்ன அளவில். ஈரமாக இருக்கும்போது தேனீயையும் கொல்லும் என்பதால், பூ சுருங்கிய பிறகு, பொழுது சாயும் நேரத்தில்.

இதையே ஜப்பான் வண்டோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது பச்சைத் தலை, செம்பு முதுகு. மேலே உட்கார்ந்து பூவையும் சேர்த்துத் தின்னும். 1916-இல் அமெரிக்காவில் முதலில் அகப்பட்டதே நியூ ஜெர்சியில் ஒரு நர்சரியில்தான். விடியற்காலையில் மந்தமாக இருக்கும்போது சோப்புத் தண்ணீர் வாளியில் தட்டிவிடுங்கள். மணம் வைத்த வண்டுப் பொறி மட்டும் வேண்டாம். பக்கத்து வீட்டு வண்டுகளையும் விருந்துக்கு அழைத்து வரும்.

பிராம்ப்டன்: மூன்றே தண்டு, காற்றடித்தால் சாய்கிறது. பூவும் ஒரே நாளில் போய்விடுகிறது.

பூ ஒரு நாள்தான், அது அதன் இயல்பு. புதுப்புது மொட்டு வந்துகொண்டிருந்தால் போதும். தண்டு 20 செ.மீ. வரும்போது நுனியைக் கிள்ளுங்கள், பக்கக்கிளை 15 செ.மீ. ஆனதும் இன்னொரு தரம். ஜூன் கடைசிக்குப் பிறகு கிள்ளினால் பூ செப்டம்பருக்குத் தள்ளிப்போய் பனியில் மாட்டும். முதலிரண்டு வருடம் தண்டு குறைவாகத்தான் இருக்கும், பிறகு தானே பெருகும்.

ஒட்டாவா: யூடியூபில் பார்த்து அக்டோபரில் தரையோடு வெட்டிவிட்டேன். அது ரோஸ் ஆஃப் ஷாரன் என்று இப்போதுதான் தெரிந்தது.

புதுக் கிளையில்தான் பூக்கும் என்பதால் வேர் உயிரோடு இருந்தால் துளிர்க்கும், ஆனால் பழைய உயரத்துக்கு வர இரண்டு மூன்று வருடமாகும். உங்கள் ஊர்க் குளிர் அதற்கு எல்லைக்கோடு வேறு. சிரியாக்கஸுக்குக் கவாத்து மார்ச் கடைசியில், கிளையில் மூன்றில் ஒரு பங்கு. அடியோடு வெட்ட வேண்டியது மோஸ்கியூடோஸை மட்டும். அதையும் 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள். அந்தக் கட்டைதான் செடி இருக்கும் இடத்துக்கு அடையாளம். இல்லையென்றால் மே மாதத்தில் அதன்மேலேயே கத்தரி நாற்று நட்டுவிடுவோம்.

டொரோண்டோ, அபார்ட்மென்ட்: பால்கனியில் தொட்டியில் வருமா? குளிருக்கு வீட்டுக்குள் எடுக்கலாமா?

‘லூனா’ போன்ற குட்டை ரகம், 40 லிட்டருக்குக் குறையாத தொட்டி. கோடையில் தினமும் தண்ணீர். அடியில் தட்டு வைத்து 2 செ.மீ. நீர் நின்றாலும் பரவாயில்லை. வீட்டுக்குள் வேண்டாம், இதற்குக் குளிர்கால உறக்கம் தேவை. தரையில் தாங்கும் குளிரைத் தொட்டியில் தாங்காது என்பதால், தண்டை வெட்டி, ஹீட்டர் இல்லாத கராஜில் இருட்டில் வையுங்கள். மாதம் ஒரு முறை அரை லிட்டர் போதும்.

விதை போட்டேன், 20-இல் ஒன்றுகூட முளைக்கவில்லை.

விதைத்தோல் கடினம். நகவெட்டியால், குழி உள்ள முனையைத் தவிர்த்து, உள்ளே வெள்ளை தெரியும் அளவுக்கு மட்டும் கீறி, வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். அரை செ.மீ. ஆழம், 24 டிகிரி சூடு. பிப்ரவரி கடைசியில் வீட்டுக்குள் போட்டால் பல ரகங்கள் அந்த வருடமே பூக்கும். செடியில் எடுத்த விதை என்றால் லென்ஸில் பாருங்கள்: ஊசி குத்தியதுபோல் துளை இருந்தால் விதைவண்டு ஏற்கெனவே தின்றுவிட்டுப் போய்விட்டது. கலப்பின விதையில் தாய்ப்பூ அப்படியே வராது. அதே பூதான் வேண்டும் என்றால் ஜூனில் 12 செ.மீ. இளந்தண்டு வெட்டி, கணுவுக்குக் கீழே வேர்ப்பொடி தொட்டு நடுங்கள்.

பூஜைக்கு வைக்கலாமா? தலைக்கு அரைக்கலாமா?

பூஜைக்குத் தாராளமாக. தலைக்கு நாம் தலைமுறையாக அரைத்தது ரோசா சைனென்சிஸ் இலையும் பூவும். அந்த அனுபவத்தை இதற்கு மாற்றி எழுத முடியாது. நர்சரியில் வாங்கிய வருடம் எதற்கும் அரைக்காதீர்கள், மருந்தடித்த செடி.

லண்டன்?

மோஸ்கியூடோஸுக்குக் கோடைச் சூடு போதாது, மொட்டோடு குளிர் வந்துவிடும். சிரியாக்கஸ் வையுங்கள்.

சென்னை?

குளிரே இல்லாத ஊரில் மோஸ்கியூடோஸுக்கு உறக்கம் ஏது? நாட்டுச் செம்பருத்தியிலேயே வேண்டிய நிறம் இருக்கிறது.

டாலஸ்: அக்கா, சிரிக்காதீங்க. நாங்க வெச்ச ஹைபிஸ்கஸ் இலை அச்சு அசல் கஞ்சா மாதிரி இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார்.

அது காக்கினியஸ், ‘டெக்சஸ் ஸ்டார்’ என்று விற்பார்கள். தென்கிழக்கு அமெரிக்கச் சதுப்புகளின் செடி, 6 அடிக்கு மேல் போகும், பராமரிப்பு மேலே சொன்னதுதான். இலையைக் கசக்கினால் கஞ்சா வாடை வராது. தண்டில் இலைகள் மாறி மாறி ஒவ்வொன்றாக இருக்கும், இளங் கஞ்சாவில் ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருக்கும். கோடை நடுவில் ஐந்து இதழும் தனித்தனியாகப் பிரிந்த ரத்தச் சிவப்புப் பூ வரும். அதுவரை கடை அட்டையைச் செடியிலேயே தொங்கவிடுங்கள்.