ஒரே தவறு, இரு தண்டனை

அன்புள்ள ஐயா,

நாள்பட்ட நோய்களால் நேரும் அகால மரணங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அந்த மரணங்களில் பெரும்பகுதிக்கு ஏற்றத்தாழ்வே காரணம் என்று எழுதியிருந்தீர்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஊழியர் நலம் என் பொறுப்பு. சென்ற மாதம் எங்கள் வாயிற்காவலர் பக்கவாதம் வந்து மூன்றாம் நாள் இறந்துபோனார். வயது 46. ஒன்பது ஆண்டுகளாக எங்களிடம் இருந்தவர். பெரும்பாலும் இரவுப் பணி, பன்னிரண்டு மணி நேரம். அவருக்கு இரத்த அழுத்தம் இருப்பதை நாங்கள் நடத்திய முகாமில்தான் கண்டுபிடித்தோம். மாத்திரைகளை இலவசமாகக் கொடுத்தோம். மாதம் ஒருமுறை உடல்நல வகுப்பும் நடத்துகிறேன். அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார், புகையை நிறுத்தவில்லை. எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருக்கிறது. என் தந்தைக்கும் இதே நோய்தான். தினமும் அதிகாலையில் எழுந்து நடப்பார், ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிட்டதில்லை. 84 வயது வரை வாழ்ந்தார். இது தனிமனித ஒழுக்கம் சார்ந்த விஷயம் இல்லையா? சமூகத்தின் மீது பழியைப் போட்டால் யாருமே பொறுப்பேற்க மாட்டார்களே? நான் இதற்கு மேல் என்ன செய்திருக்க முடியும்?

ச.
(பெயரை வெளியிட வேண்டாம்)

அன்புள்ள ச.,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஒன்பது ஆண்டுகள் தினமும் பார்த்த ஒரு மனிதர் கண்முன்னே போய்விட்டார். கையில் மாத்திரையைக் கொடுத்தவர் நீங்கள். அக்கறை இல்லாதவர்களுக்கு இந்தக் கோபம் வராது. அவர் தவறு செய்தார் என்பதையும் நான் மறுக்கவில்லை. மாத்திரையை நிறுத்தியதும் புகையைத் தொடர்ந்ததும் தவறுதான்.

அதே தவறை நானும் செய்திருக்கிறேன். எனக்கு இரத்த அழுத்தம் இருப்பது 41 வயதில் தெரியவந்தது. உடலில் ஒரு தொந்தரவும் இல்லை. வலி இல்லாத நோய்க்கு எதற்கு மாத்திரை என்று எட்டு மாதம் அதைத் தொடவே இல்லை. அந்த எட்டு மாதமும் என்னைக் காப்பாற்றியது என் ஒழுக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் ஆண்டுதோறும் உடல் பரிசோதனை உண்டு. அங்கே பிடிபட்டேன். மருத்துவரைப் பார்க்க அரை நாள் விடுப்பு எடுத்தேன், சம்பளத்தில் ஒரு பைசா குறையவில்லை. அந்த மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளாமல் இருபது நிமிடம் பேசினார். முதல் மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் மாற்றிக் கொடுத்தார். வீட்டில் நினைவூட்ட ஆள் இருந்தது. என் தவறுக்கும் என் சாவுக்கும் நடுவே இத்தனை பேர் நின்றார்கள். உங்கள் காவலருக்கும் அவர் சாவுக்கும் நடுவே யார் நின்றார்கள்?

நீங்கள் நின்றீர்கள், மாத்திரையோடு. ஆனால் அவர் ஏன் அதை நிறுத்தினார் என்று யாராவது அவரிடம் கேட்டார்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. நீண்ட காலம் இந்த நோயாளிகளைப் பார்த்துவரும் மருத்துவ நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னதை இங்கே சொல்கிறேன். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒரு வகை, உடலில் சேரும் உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றுவது. மலிவானது, நல்ல மருந்து. அதைச் சாப்பிட்டால் அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போக வேண்டியிருக்கும். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் எனக்கும் அது பெரிய விஷயமில்லை. வாயிலில் தனியாக நிற்பவர் அந்த இடத்தை விட்டு எப்படிப் போவார்? காவலர்களும் ஓட்டுநர்களும் அந்த மருத்துவரிடம் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம் அதுதானாம். உங்கள் காவலருக்கும் அதுவேதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. மாத்திரை இலவசம்தான். ஆனால் அதைச் சாப்பிடுவதற்கு வேண்டிய சூழலை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிடவில்லை என்கிறேன்.

இரவுப் பணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் இரத்த அழுத்தம் இயல்பாகவே பத்து முதல் இருபது விழுக்காடு வரை இறங்கும். இரத்தக் குழாய்களுக்கு அன்றாடம் கிடைக்கும் ஓய்வு அது. ஆண்டுக்கணக்கில் இரவில் விழித்து, பகல் வெளிச்சத்திலும் சத்தத்திலும் துண்டு துண்டாகத் தூங்குகிறவருக்கு அந்த ஓய்வு குறைந்துபோகிறது. உங்கள் தந்தை அதிகாலையில் எழுந்து நடந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை நான் மதிக்கிறேன், அந்த உறுதி எல்லோருக்கும் வந்துவிடாது. ஆனால் அதிகாலையில் எழுந்து நடக்க, முந்தைய இரவு தூங்கியிருக்க வேண்டும். அவர் நடந்த அதே நேரத்தில் உங்கள் காவலர் பன்னிரண்டு மணி நேரப் பணியின் கடைசி மணிகளில் நின்றுகொண்டிருந்திருப்பார்.

ஒழுக்கம்தான் காரணம் என்ற வாதத்தை ஒருமுறை பெரிய அளவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1967இல் லண்டனில், அரசு அலுவலகங்கள் நிறைந்த ஒயிட்ஹால் பகுதியில் ஓர் ஆய்வு தொடங்கியது. 40 முதல் 64 வயது வரையிலான சுமார் 17,500 ஆண் அரசு ஊழியர்களைப் பரிசோதித்து, பிறகு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். இவர்களில் யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். எல்லோருக்கும் நிரந்தர வேலை, ஒரே நகரம், 1948 முதல் நாட்டில் எல்லோருக்கும் இலவச மருத்துவம். ஏழரை ஆண்டுகளில், இதய நோயால் இறந்தவர்களின் விகிதம் உயர் நிர்வாகிகளைவிடக் கடைநிலை ஊழியர்களிடம் 3.6 மடங்கு அதிகமாக இருந்தது. அந்தக் கடைநிலையில் இருந்தவர்கள் யார் தெரியுமா? கோப்புகளைத் தூக்கிச் செல்பவர்களும் வாயிற்காவலர்களும்.

கீழ்நிலையில் இருந்தவர்கள் அதிகம் புகைத்தார்கள், அவர்களுக்கு இரத்த அழுத்தமும் அதிகம், ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சியும் குறைவு. நீங்கள் சொல்வது அதுவரைக்கும் சரி. ஆனால் ஆய்வாளர்கள் அத்தனையையும் கணக்கிட்டுக் கழித்த பிறகும் இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது. ஒருமுறைகூடப் புகைக்காதவர்களிடையேயும் கீழ்நிலையில் இருந்தவர்களே அதிகம் இறந்தார்கள். இன்னொன்றும் தெரிந்தது. உச்சியில் இருந்தவர்களுக்கு அடுத்த படியில் இருந்த, நல்ல சம்பளம் வாங்கிய அதிகாரிகளுக்குக்கூட ஆபத்து சற்று அதிகம். ஏழைகள் ஒருபுறம், மற்றவர்கள் மறுபுறம் என்று கோடு கிழிக்க முடியவில்லை. படிக்குப் படி ஆயுள் குறைந்துகொண்டே வந்தது. 1985இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டு தொடங்கிய இரண்டாவது ஆய்வில், தன் வேலையை எப்படிச் செய்வது, எப்போது ஓய்வெடுப்பது என்று தானே முடிவெடுக்க முடியாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது தெரிந்தது. இதைப் படித்தபோது எனக்கு வாயிலை விட்டு அசைய முடியாத அந்த மனிதர்தான் நினைவுக்கு வந்தார்.

மாரடைப்பும் சர்க்கரையும் பணக்கார வியாதி என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2021இல் மாரடைப்பு, சர்க்கரை போன்ற தொற்றா நோய்களால் 70 வயதுக்கு முன்பே இறந்தவர்கள் 1 கோடியே 80 லட்சம் பேர். அவர்களில் 82 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். இதைவிட என்னை உலுக்கியது 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு. 17 நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம், உடல் பருமன் போன்ற ஆபத்துக் காரணிகளைக் கூட்டிப் பார்த்தால் சுமை அதிகம் இருந்தது செல்வம் மிகுந்த நாடுகளில். ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் அவற்றால் வரும் சாவும் அதிகம் இருந்தது ஏழை நாடுகளில். மதுவிலும் இதே கதைதான். பல நாடுகளில், வசதி குறைந்தவர்கள் மற்றவர்கள் அளவுக்கோ அதைவிடக் குறைவாகவோ குடித்தும், அதனால் வரும் நோய்க்கும் சாவுக்கும் அவர்களே அதிகம் ஆளாகிறார்கள். தவறு ஒன்றுதான், தண்டனை ஆளுக்கு ஆள் வேறு.

புகையை விடாததைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏழைகளுக்கு மனவுறுதி இல்லை என்பது நம்மில் பலரும் வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் நம்புவது. இங்கிலாந்தில் இதைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். புகையை விட முயல்வதில் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முயன்று வெற்றி பெறுவதில்தான் கீழ்த்தட்டில் இருப்பவர்கள் பின்தங்குகிறார்கள். உங்கள் காவலர் எத்தனை முறை விட முயன்றார் என்பது உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். இரவு இரண்டு மணிக்குத் தூக்கத்தை விரட்ட வேறு வழி இல்லாதவர் அவர்.

ஓர் இடைச்செருகல். சராசரி ஆயுள் கூடுகிறது என்று காரணம் காட்டிப் பல நாடுகள் ஓய்வூதிய வயதை எல்லோருக்கும் ஒன்றாக உயர்த்துகின்றன. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொதிக்கிறது. அமெரிக்காவில் 2001 முதல் 2014 வரையிலான தரவுகளின்படி, வருமானத்தில் உச்சியில் இருக்கும் ஒரு விழுக்காட்டு ஆண்களுக்கும் அடியில் இருக்கும் ஒரு விழுக்காட்டு ஆண்களுக்கும் ஆயுள் வித்தியாசம் 14.6 ஆண்டுகள். பெண்களுக்கு 10.1 ஆண்டுகள். ஸ்காட்லாந்தில், ஒரே உடலில் இரண்டு மூன்று நாள்பட்ட நோய்கள் சேர்வது மிகவும் பின்தங்கிய பகுதிகளில் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. இவர்களுக்கெல்லாம் சராசரி ஆயுள் என்று ஒன்றைக் காட்டி இன்னும் இரண்டு ஆண்டு உழைக்கச் சொல்வது பெரும் அநியாயம்.

பொறுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொறுப்பு வேண்டாம் என்று நான் எங்கும் எழுதவில்லை. அதைச் சுமக்கிறவரின் தோளையும் பாருங்கள் என்கிறேன். வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர்களிடையே மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் ஒன்றைச் சொன்னார். நல்ல மருத்துவம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்குக் குறைவாகவும், தேவை குறைந்தவர்களுக்கு அதிகமாகவும் போய்ச் சேர்கிறது என்றார். அவர் இன்னொரு காரியமும் செய்தார். தன் பொறுப்பில் இருந்த ஊரில், வராதவர்களையும் தேடிப் போய் இரத்த அழுத்தம் பார்த்தார். வகுப்புக்கு வருகிறவர்களுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

உங்கள் வகுப்பைப் பற்றி நான் சொல்லப்போவது உங்களுக்கு வலிக்கலாம். நேரமும் படிப்பும் நிம்மதியும் உள்ளவர்களால்தான் அறிவுரையைச் செயலாக்க முடியும். அதனால் அறிவுரையை மட்டும் நம்பும் திட்டங்கள் பல வேளைகளில் இடைவெளியைக் கூட்டிவிடுகின்றன. உங்கள் வகுப்பால் பயனடைந்தவர்கள் மேல்தளத்தில் இருந்தவர்களாகத்தான் இருப்பார்கள். பகலில் நடந்த வகுப்புக்கு இரவெல்லாம் விழித்தவர் வந்தாரா? வந்திருந்தால் விழித்துக் கேட்டாரா? தனிமனிதரின் முயற்சியைக் கேட்காத மாற்றங்கள் வேறு வகை. தொழிற்சாலையிலேயே உணவில் உப்பைக் குறைப்பது, புகையிலை வரியை உயர்த்துவது, பணி நேரத்தைக் குறைப்பது போன்றவை. வகுப்பில் உட்காராதவரையும் அவை போய்ச் சேரும்.

இதற்கு மேல் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டீர்கள். நடந்ததற்கு உங்களைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் இல்லை. ஆனால் கேள்வியை இனி என்ன செய்ய முடியும் என்று மாற்றிக்கொண்டால் பதில் இருக்கிறது. வாயிலில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் விடுவிக்க மாற்று ஆள் வேண்டும். பன்னிரண்டு மணி நேரப் பணி எட்டாகக் குறைய வேண்டும், இரவுப் பணி ஒருவர் தலையிலேயே விழக் கூடாது. மருத்துவரைப் பார்க்கப் போகும் அரை நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது, ஒப்பந்த ஊழியருக்கும் அது பொருந்த வேண்டும். மாத்திரை வாங்க வராத மாதத்தில் கோபப்படாமல் ஏன் என்று கேட்க ஒருவர் வேண்டும். இவற்றில் சில உங்கள் அதிகாரத்துக்குள் இருக்கும், சிலவற்றுக்கு உங்கள் மேலதிகாரிகளிடம் சண்டை போட வேண்டியிருக்கும். அந்த முகாமை நடத்த வைத்தவர் நீங்கள், இதையும் கேட்டு வாங்க உங்களால் முடியும் என்று நம்புகிறேன்.

அந்த வாயிலில் இப்போது வேறொருவர் நின்றுகொண்டிருப்பார். அவருக்கு இரத்த அழுத்தம் பார்த்தாயிற்றா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.