வகுப்பு முழுவதற்கும் ஸ்பின்னேக்கர்: இப்போதைக்கு வேண்டாம்

உங்கள் வகுப்பின், அதாவது ஒரே வடிவப் பாய்ப்படகுகள் போட்டியிடும் பிரிவின், எல்லாப் படகுக்கும் ஸ்பின்னேக்கரை (பின்காற்றில் முன்னால் உப்பி விரியும் பெரிய பாய்) அனுமதிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். விதியை இந்த ஆண்டே மாற்ற வேண்டாம். முதலில் ஜிப் பாயை (முன்பக்கச் சிறு பாய்) பெரிய பாய்க்கு எதிர்ப்பக்கம் விரித்துப் பிடிக்க ஒரு கழியை அனுமதியுங்கள். 1931இல் வடிவமைக்கப்பட்ட ஸ்னைப் என்ற சிறு பாய்ப்படகு இன்றும் ஸ்பின்னேக்கர் இல்லாமல், அந்தக் கழியை வைத்தே பந்தயம் ஓடுகிறது.

பின்காற்றில் படகுகள் எறும்பு வரிசை போல ஊர்கின்றன, இளைஞர்கள் சலித்துப்போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். காரணம் பாய் இல்லை, பந்தயப் பாதையாக இருக்கலாம். காற்றை எதிர்த்து மேலே ஏறி, காற்றோடு நேராகக் கீழே இறங்கும் பாதை என்றால் எந்தச் சிறு படகும் மந்தம்தான். பக்கக்காற்றில் ஓடும் முக்கோணப் பாதையை இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள்.

அப்புறமும் ஆசை தீரவில்லையா? சரி, சமமான இரண்டு படகுகளை எடுத்து, ஒன்றில் மட்டும் இரவல் ஸ்பின்னேக்கர் கட்டுங்கள். நேரத்தைவிட, பாயை இறக்கும் அந்த அரை நிமிடத்தைக் கவனியுங்கள்: திரும்ப வேண்டிய மிதவைக் குறியை நெருங்கும்போது படகில் முன்னால் இருப்பவர் கையில் கழி, காலடியில் ஈரத்துணி, ஜிப் கயிறு எங்கே என்றே தெரியாது. புதியவர்கள் கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு எச்சரிக்கை. பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகள் அதில் சேரும் இடத்துக்கு மிக மேலே, ஸ்பின்னேக்கரை ஏற்றும் கயிற்றின் கப்பியை வைக்காதீர்கள். அதற்கு மேலுள்ள நுனியைத் தாங்க எதுவும் இல்லை. பலத்த காற்றில் வளைந்து ஒடியும். பழைய படகுகளில் கம்பி மாட்டும் தகடுகளையும் அசைத்துப் பார்த்துவிடுங்கள்.

செலவுக் கணக்கைப் பழைய படகுக்காரர்களிடம் கேட்டுவிட்டு வாக்கெடுப்புக்குப் போங்கள். விலகுவது முதலில் அவர்கள்தான்.