கூரையில்லாக் கோட்டையில் என்ன பார்ப்பது?

கேள்வி: மான்செஸ்டரில் இருக்கும் என் மகன், வரும் ஜூன் மாதம் என்னை வேல்ஸில் உள்ள கான்வி கோட்டைக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறான். படங்களில் பார்த்தால் கூரையும் தளமும் இல்லாத வெறும் சுவர்களாகத் தெரிகின்றன. மூட்டுவலிக்காரியான நான் அங்கே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?
- வாசகி, மதுரை

பதில்: அவசியம் போய் வாருங்கள், அம்மா. ஆனால் அது யாரை அடக்குவதற்காகக் கட்டப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். வேல்ஸின் இளவரசர் லூவெலின் 1282 டிசம்பரில் கொல்லப்பட்டபின், இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு, வென்ற நிலத்தைக் கைக்குள் வைத்திருக்க 1283இல் இந்தக் கோட்டையைத் தொடங்கினார். அவர் தேர்ந்தெடுத்த இடத்தில், கொல்லப்பட்ட இளவரசரின் பாட்டனாரும் வேல்ஸ் மக்கள் போற்றியவருமான மூத்த லூவெலின் அடக்கம் செய்யப்பட்டிருந்த துறவியர் மடம் இருந்தது. துறவிகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு அங்கேயே கோட்டையையும் ஊரையும் எழுப்பினார். மடத்தின் ஆலயம் மட்டும் ஊர்ப் பொது ஆலயமாக இன்றும் நிற்கிறது. கோட்டைக்குள் நுழையும் முன் அங்கே சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகும்படி உங்களைக் கேட்டுக்கொள்வேன்.

சவாய் நாட்டிலிருந்து வந்த ஜேம்ஸ் என்ற தலைமைக் கொத்தனாரின் மேற்பார்வையில், எட்டுப் பெரும் கோபுரங்களும் ஊரைச் சுற்றி 21 கோபுரங்கள் கொண்ட சுமார் 1.3 கிலோமீட்டர் மதிலும் நான்கே ஆண்டுகளில் எழுந்தன. செலவு ஏறத்தாழ 15,000 பவுண்டு. ஊர்மதிலின் ஓரிடத்தில் வெளிப்புறமாகத் துருத்திக்கொண்டு வரிசையாக 12 கழிப்பிடங்கள் இருப்பதையும் பார்க்கத் தவறாதீர்கள்.

தளம் இல்லாததைக் குறையாக எண்ண வேண்டாம். சுவரில் அந்தரத்தில் தொங்குவதுபோல் ஒரு கணப்படுப்பு தெரிந்தால், அந்த உயரத்தில் ஒரு காலத்தில் மரத்தளம் இருந்தது, அதில் மனிதர்கள் குளிர்காய்ந்தார்கள் என்று பொருள். உத்தரங்கள் செருகப்பட்ட குழிகளும் அதே கதையைச் சொல்லும். பெரிய மண்டபம் நேர்கோட்டில் இல்லாமல் வளைந்திருப்பதற்குக் காரணம், அடியிலுள்ள பாறையின் போக்கிலேயே மதிலைக் கட்டியதுதான். இன்று சாம்பல் நிறமாகத் தெரியும் சுவர்கள் அன்று சுண்ணாம்பு பூசி வெண்மையாக இருந்தன. கோட்டையை ஒட்டி ஓடும் ஆற்றுக்கு அப்பாலிருந்து பார்த்த வேல்ஸ் விவசாயிக்கு அந்த வெண்மை என்ன சொல்லியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கோபுரங்களின் சுழற்படிகள் குறுகலானவை. மூட்டுவலியோடு அவற்றில் ஏற வேண்டாம். வெளிமுற்றம், உள்முற்றம் இரண்டையும் கீழிருந்தே பார்க்கலாம். 1826இல் திறக்கப்பட்ட தொங்குபாலம் கோட்டையின் அடிவாரத்திலேயே இருக்கிறது. அதில் நின்று பார்த்தால் கோட்டையின் உயரம் நன்றாகத் தெரியும். தரை மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் வழுக்காத காலணி அணிந்து செல்லுங்கள்.

கேள்வி: மேலிருந்து தற்காக்கும் வீரன் வலக்கையால் வாள் வீச வசதியாகத்தான் கோட்டைகளில் படிகளை வலஞ்சுழியாக அமைத்தார்கள் என்று சொல்வது உண்மையா?
- வாசகர், சேலம்

பதில்: அந்த விளக்கம் 20ஆம் நூற்றாண்டில் பரவியது, அதற்கு இடைக்கால ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை. இடஞ்சுழிப் படிகள் கொண்ட கோட்டைகளும் பல உண்டு. எதிரி கோபுரப் படிவரை வந்துவிட்டால், கோட்டை ஏற்கெனவே பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும். மேலே சொன்ன கான்வியே 1401இல் வாயில் வழியாகத்தான் வீழ்ந்தது. புனித வெள்ளியன்று காவலர்களில் பெரும்பாலோர் ஆலயத்துக்குச் சென்றிருந்தபோது, தச்சு வேலைக்கு வந்ததாகச் சொல்லி வேல்ஸ் கிளர்ச்சியாளர்கள் உள்ளே நுழைந்தனர். அத்தனை பொருள் கொட்டிக் கட்டிய கோட்டையைத் திரும்பப் பெற, ஆங்கிலேயர் மாதக்கணக்கில் பேச்சு நடத்தி, கைப்பற்றியவர்களில் பெரும்பாலோருக்கு மன்னிப்பும் வழங்க வேண்டியதாயிற்று.